எட்டாம் மாடியில் மூன்று நாள் தண்ணீர்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அந்த மலைக்குளிரில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பி அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அத்தானும் இருக்கிறோம். அத்தானுக்கு இடுப்பு வலி பழையபடி. பள்ளிக்கூடத்து நாற்காலி சரியில்லை என்கிறார். வீட்டு நாற்காலியில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார முடிகிறது.

உன் அணைக்கட்டு முகாமில் போன் எடுக்காது, வியாழக்கிழமை வேனில் வரும் தபால்தான் என்று உன் மனைவி சொன்னாள். நல்லதாகப் போயிற்று. போனில் பேசினால் நாம் ஐந்தாவது நிமிஷம் சண்டை போடுவோம். கடிதத்தில் சண்டை முற்ற மூன்று வாரமாவது ஆகும்.

முதலில் உன் வீடு. ஏழாவது மாடியில் 703-க்குச் சுவர்கள் முடிந்துவிட்டன. மே கடைசியில் சாவி. உன் மனைவி இருக்கும் வாடகை வீட்டின் ஒப்பந்தமும் மே மாதத்தோடு முடிகிறது, ஆகஸ்டில் குழந்தை. எல்லாம் பொருந்தி வருகிறது. "நான் சைட் இன்ஜினியரா நிக்கிற கட்டடம்டா, கண்ணை மூடிட்டு வாங்கு" என்று உன்னிடம் சொன்னவள் நான்தான். அதை மறக்கவில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சல். எங்கள் எம்.டி. ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு கோச் என்று ஒரு பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை வாங்குகிற முறையாம். இனி நாங்களும் அப்படித்தான் கட்டடம் கட்ட வேண்டுமாம். வேலையை இரண்டு இரண்டு வாரத் தவணையாகப் பிரிக்கிறார்கள், ஒரு தவணைக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். சுவரில் ஒரு பலகை, அதில் மூன்று கட்டம்: செய்யணும், செய்யுறோம், முடிஞ்சது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் கார்டு. தினமும் காலை எட்டரைக்கு அந்தப் பலகை முன்னால் நின்றுகொண்டே கூட்டம். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். கோச் கையில் கடிகாரத்தோடு நிற்கிறார். பிளம்பர் அவருக்கு "ஸ்டாப்வாட்ச்" என்று பெயர் வைத்துவிட்டார்.

நேற்று என் முறை.

"நேத்து என்ன செஞ்சீங்க மேடம்?"

"ரெண்டாவது மாடி பாத்ரூம்கள்ல தண்ணி தேக்கி வச்சிருக்கோம். காத்திருந்தேன்."

"இன்னைக்கு?"

"காத்திருப்பேன்."

"ஏதாவது தடை இருக்கா?"

"தடை ஒண்ணும் இல்ல சார். தண்ணி மூணு நாள் நிக்கணும். கீழ் வீட்டுக் கூரையில ஈரம் வருதான்னு பாக்கணும். அதுக்கப்புறம்தான் டைல்ஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு வேலையும் செய்யாதவள் மாதிரி நிற்க வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி போதுமா என்று எழுது.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம்.

எனக்குச் சளியும் உண்டு, சாப்பாடும் உண்டு, இரண்டும் வேளைக்கு வருகின்றன. கம்பளி போதும். அத்தானின் இடுப்புக்கு என் அனுதாபங்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்காலிக்கும் சேர்த்து.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் வேலையும் அதுதானே. அணையின் உள்ளே ஒரு சுரங்க நடைபாதை இருக்கிறது. அதில் நாற்பது இடங்களில் தண்ணீர் கசிகிறது. தினமும் காலையில் போய், ஒவ்வொரு கசிவிலும் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு என்று அளந்து எழுதுகிறேன். நேற்றைப் போலவே இருந்தால் நல்ல நாள். உன் ஸ்டாப்வாட்ச் இங்கே வந்து மூன்று கேள்வி கேட்டால் என்னை அன்றைக்கே வேனில் ஏற்றிவிடுவார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் வீட்டுக்கு நேர் மேலே 803. அந்தக் குளியலறையில் தண்ணீர் தேக்கும்போது மட்டும் நீயே போய் நின்று பார். என்னிடம் இருந்ததெல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கிறது. பகலெல்லாம் கசிவு பார்க்கிறவன் வீட்டுக்கு வந்தும் கசிவு பார்க்கிற மாதிரி ஆக வேண்டாம்.

அவளுக்கு வாந்தி குறைந்திருக்கிறதாம். உன்னிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறாள். "அண்ணி இருக்காங்க, எனக்கென்ன" என்று எழுதியிருந்தாள். எனக்கும் அந்தத் தைரியம்தான்.

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

சளி போய்விட்டதா? இங்கே அத்தானுக்குப் புது நாற்காலி வந்துவிட்டது, வலி அப்படியே இருக்கிறது. உன் மனைவி என்னோடு டாக்டரிடம் வந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, நடக்கச் சொன்னார். நடப்பதாகச் சொல்கிறாள், நான் நம்பவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அந்தக் காலைக் கூட்டத்தில் நல்லதும் நடக்கிறது. டைல்ஸ்காரரும் எலக்ட்ரீஷியனும் ஒரே அறைக்கு ஒரே நாளில் வந்து கட்டிப் புரண்ட காலம் போய்விட்டது. லிஃப்ட் கம்பெனி தவறான கதவை அனுப்பியது அன்று காலையிலேயே தெரிந்து, மறுநாளே மாறியது. முன்பெல்லாம் அதற்கு மூன்று வாரமும் முப்பது கடிதமும் ஆகும்.

ஆனால் இப்போது தலைமை அலுவலக வரவேற்பறையில் ஒரு டி.வி. வைத்திருக்கிறார்கள். நான்கு சைட்டுக்கும் தினசரி மதிப்பெண். ஒரு ஸ்பிரிண்டில் எத்தனை கார்டு "முடிஞ்சது" கட்டத்துக்குப் போயிற்றோ அதுதான் அந்த சைட்டின் வேகம். நாங்கள் நான்காவது. நான்கில் நான்காவது. வீடு வாங்க வருகிறவர்கள் காபி குடித்தபடி அதைப் பார்க்கிறார்கள். எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்க சைட் மட்டும் ஏன் நிக்குது?" என்றார். நிற்பது சைட் இல்லை, தண்ணீர் என்றேன். அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் பயனில்லை.

தண்ணீர்ச் சோதனைக் கார்டுதான் எங்கள் காலைப் பிடித்து இழுக்கிறது. மூன்று நாள் "செய்யுறோம்" கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஸ்டாப்வாட்ச் ஒரு வழி கண்டுபிடித்தார். அதை இரண்டு கார்டாக உடைத்துவிட்டார். தண்ணீர் நிரப்புவது ஒன்று, கீழே போய்ப் பார்ப்பது இன்னொன்று. பார்க்கிற கார்டுக்காகப் பலகையில் "காத்திருக்கு" என்று நான்காவது கட்டம் போட்டார்கள். அந்தக் கட்டத்தில் என் கையெழுத்துத்தான் நிறைய. ஒவ்வொரு காலையும் அதன் முன்னால் நின்று பதில் சொல்கிறேன். எரிச்சலாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து அத்தான் மேல் எரிந்து விழுகிறேன், அவர் பாவம்.

803 விஷயம் நினைவிருக்கிறது. இன்னும் அந்த மாடிக்கு வரவில்லை.

வேளைக்குத் தூங்கு.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மழை பெய்து பாதை இடிந்ததால் போன வாரம் வேன் வரவில்லை. உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன்.

அந்த நான்காவது கட்டத்தைப் பார்த்து ஏன் எரிச்சல்படுகிறாய்? பலகையில் உண்மையைச் சொல்கிற கட்டம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான்காவது இடத்திலேயே இரு, ஒன்றும் குடி முழுகிவிடாது. டி.வி.யா அங்கே குடியிருக்கப் போகிறது?

வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அத்தான் மேல் எரிந்து விழாதே, அவர் ஒருவர்தான் உன்னைத் தாங்குகிறார்.

உன் தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பாதையைச் சரிசெய்துவிட்டார்களா? நாங்கள் நன்றாக இருக்கிறோம். நான் ரொம்பவே நன்றாக இருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்பிரிண்ட் முடியும்போது ஒரு கூட்டம் உண்டு. அதற்கு ரெட்ரோ என்று பெயர். அவரவர் ஒரு துண்டுச் சீட்டில், எதை நிறுத்தினால் வேலை நன்றாக நடக்கும் என்று எழுதிப் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம். அன்று காலையில்தான் ஸ்டாப்வாட்ச் என்னிடம் அந்தக் கட்டத்தில் நின்ற பதினைந்து கார்டைக் காட்டி, "இதெல்லாம் எப்ப மேடம் நகரும்?" என்று கேட்டிருந்தார். கோபத்தில் நான் எழுதினேன்: "காத்திருக்கு கட்டத்தை எடுத்துவிடவும்." கோபத்தில் எழுதியதுதான், ஆனால் அவர் அதை உரக்கப் படித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பிளம்பர் மேஜையைத் தட்டினார். அங்கேயே அழித்துவிட்டார்கள்.

இரண்டே வாரத்தில் நாங்கள் முதல் இடம். நம்புவாயா? பதினெட்டு வருஷத்தில் என் பெயர் எந்தப் பலகையிலும் முதலில் இருந்ததில்லை. வரவேற்பறையில் இருந்த பெண் எழுந்து நின்று கைகொடுத்தாள். எம்.டி. இன்னொரு சைட்டையும் என் பொறுப்பில் கொடுக்கிறார். எத்தனை பேர் என் தலைமேல் ஏறிப் பதவிக்குப் போனார்கள் என்று உனக்குத் தெரியும். அத்தான் அன்று நாற்காலியை விட்டு எழுந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அதுவே ஒரு பதவி உயர்வு.

உன் சாவி மே இருபத்து நான்காம் தேதி. தேதி மாறாது.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கும் காபி போடுகிற அத்தானுக்கும்,

பாதை சரியாகிவிட்டது, நானும் சரியாக இருக்கிறேன். உன் கடிதத்தை இங்கே சமையல்காரரிடம் கூடப் படித்துக் காட்டினேன். "அக்காவுக்கு வாழ்த்து சொன்னேன்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது. உனக்கு வர வேண்டியது இப்போதுதான் வந்திருக்கிறது.

வீடு வரப்போகிறது என்றதும் மனம் குதிக்கிறது. ஐந்து விஷயம் கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுது. பால்கனிக் கம்பி குழந்தை ஏறாத உயரமா? லிஃப்டில் பீரோ நுழையுமா? ஏழாவது மாடிக்குத் தண்ணீர் வேகமாக வருமா? படுக்கையறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளுமா? அந்த நான்காவது கட்டத்தை அழித்தார்களே, அதிலிருந்த கார்டுகள் எங்கே போயின, 803-இன் கார்டு அதில் இருந்ததா?

நான் ஆகஸ்டில்தான் லீவு கேட்டிருக்கிறேன். வீடு மாறும்போது அவள் எதையும் தூக்காமல் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவி புது வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் அவளும் நலம், வயிற்றுக்குள் இருப்பதையும் சேர்த்து மூவரும் நலம். ஒரு டம்ளரைக்கூட அவளைத் தூக்க விடவில்லை. அத்தான் தூக்கினார், இப்போது படுத்திருக்கிறார்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். பால்கனிக் கம்பி என் நெஞ்சு உயரம், இடைவெளி என் கைகூட நுழையாது. பீரோ லிஃப்டில் நுழையவில்லை. கதவைக் கழற்றி, சாய்த்து, லிஃப்ட்காரரைத் திட்டி, கடைசியில் நுழைந்தது. தண்ணீர் நன்றாக வருகிறது, வாளி இரண்டு நிமிஷத்தில் நிறைகிறது. ஜன்னலுக்கு நானே போய்க் கொக்கி மாட்டினேன். கிழக்கே பார்த்த அறையைக் குழந்தைக்கு என்று அவள் வைத்திருக்கிறாள். அங்கே நின்றால் காற்று முகத்தில் அடிக்கிறது. பக்கத்து வீட்டம்மா நல்ல மாதிரி. மேல் வீட்டில் ஒரு பல் டாக்டர் தனியாக இருக்கிறார்.

இரண்டு சைட் என்பதால் எனக்கு மூச்சு விட நேரமில்லை. கடிதம் தாமதமானால் தப்பாக நினைக்காதே.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

ஐந்து கேட்டேன். நான்குக்குப் பதில் வந்தது. மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இன்று அவள் கடிதம் வந்தது. குளியலறைக் கூரையில் ஒரு ஈரத் திட்டு இருக்கிறதாம், தட்டு அகலம். "அண்ணிகிட்ட சொன்னேன். புது வீடு அப்படித்தான் இருக்கும், ரெண்டு மாசத்துல காஞ்சிடும்னு சொன்னாங்க. நீங்க கவலப்படாதீங்க" என்று எழுதியிருக்கிறாள்.

நீ என்ன வேலை பார்க்கிறாய், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நம் இருவருக்கும் தெரியும். மேலே தண்ணீர் புழங்குகிற இடத்துக்குக் கீழே வருகிற ஈரம் காயாது. அவளிடம் அப்படிச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

803-இல் மூன்று நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தீர்களா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தம்பி


ஜூலை 24

தம்பி,

இல்லை.

அதை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் மனைவி என் வீட்டில் இருக்கிறாள், உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள், பிறகு மற்றதைப் படி.

அந்தக் கட்டத்தை அழித்த அன்று, அதிலிருந்த கார்டுகளை ஸ்டாப்வாட்ச் ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் நீட்டினார். "இதை எங்க போடுறது மேடம்?" என்று கேட்டார். "தண்ணி ஊத்தியாச்சு இல்ல, முடிஞ்சதுல போடுங்க" என்றேன். போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் மனதில் இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு பார்ப்பதற்கென்று கார்டே இல்லை. கார்டு இல்லாத வேலையைக் காலையில் யாரும் கேட்பதில்லை. பிளம்பர் காலையில் தண்ணீர் நிரப்புவார், கார்டு முடிந்துவிடும், டைல்ஸ்காரர் காத்திருக்கிறாரே என்று சாயங்காலமே தண்ணீரைத் திறந்துவிடுவார். மூன்று நாள் நிற்க வேண்டிய தண்ணீர் ஒரு பகல் நின்றது. அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வேகம் குறையும். எனக்கு அந்த முதல் இடம் பிடித்திருந்தது. இதற்கு மேல் நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

உன் வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது படிவத்தில் "தண்ணீர்ச் சோதனை முடிந்தது" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உன் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் காய்ந்துவிடும் என்று சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை ஆறாம் தேதி அந்தக் கூரைப் பூச்சு இரண்டு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அவள் அப்போதுதான் குளித்துவிட்டு வெளியே வந்திருந்தாள். எனக்குப் போன் செய்து, "அண்ணி, நீங்க பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். என்னைப் பயப்படாதே என்று சொன்னாள். அன்று சாயங்காலமே அழைத்து வந்துவிட்டேன்.

பிறகு பல் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று நாள் அந்தக் குளியலறையை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன். நல்ல மனிதர், இன்னொரு குளியலறை இருக்கிறது என்றார். வடிகுழாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டு, உன் வீட்டில் டார்ச்சோடு நின்றேன். முதல் நாள் மத்தியானமே சொட்டியது. இருந்தும் மூன்று நாளும் நின்று பார்த்தேன்.

நான்காவது நாள் காலைக் கூட்டம். ஸ்டாப்வாட்ச் கேட்டார்.

"நேத்து என்ன செஞ்சீங்க மேடம்?"

"703-ல நின்னு, மேல இருந்து தண்ணி சொட்டுறதப் பாத்தேன். நாப்பத்தோரு வீட்ல இத நாம பாக்கவே இல்ல. பாத்ததா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பிளம்பர் தரையைப் பார்த்தார். ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார். நான் ஒரு கோடு போட்டு அந்தக் கட்டத்தை மறுபடி எழுதி, நாற்பத்தொரு கார்டு ஒட்டினேன். மறுநாள் காலை அவை இல்லை. எம்.டி. கூப்பிட்டனுப்பினார்.

"கம்ப்ளெயின்ட் வந்தா அது ஒரு கார்டு மேடம். வரலைன்னா கார்டே இல்ல. கம்பெனி இப்ப நல்ல வேகத்துல போகுது. நீங்களே எதுக்குக் கிளப்புறீங்க?"

"நாப்பத்தோரு வீட்ல ஆளுங்க குடி வந்துட்டாங்க சார்."

"யாராவது எழுத்துல குடுத்தாங்களா?"

யாரும் கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தால்தானே கொடுப்பார்கள். என் சொல்லுக்கு உள்ளே மதிப்பு இல்லை. வீடு வாங்கிய ஒருவர் ஆதாரத்தோடு புகார் எழுதினால்தான் அத்தனை வீட்டையும் திறந்து பார்த்தாக வேண்டும். அந்த ஆதாரத்தைத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதை அக்காவின் கடிதமாகப் படிக்காதே.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்காலியை என் மேஜை அருகே இழுத்துப் போட்டார். பிறகு, "எழுது" என்றார்.

அக்கா


ஜூலை 24

703-ஆம் எண் வீட்டை வாங்கியவருக்கு, இக்கட்டடத்தின் சைட் இன்ஜினியர் எழுதுவது.

இக்கட்டடத்தில் அறுபத்து நான்கு வீடுகள் உள்ளன. அவற்றில் இருபத்து மூன்று வீடுகளின் குளியலறைகளில் மட்டுமே மூன்று நாள் தண்ணீர் தேக்கிச் சோதிக்கப்பட்டது. தங்கள் வீட்டுக்கு மேலுள்ள 803 உட்பட மற்ற நாற்பத்தொரு வீடுகளில் அச்சோதனை முறையாக நடக்கவில்லை. நடந்ததாகப் படிவங்களில் கையெழுத்திட்டவள் நான்.

சோதனைக்குரிய காத்திருப்பைப் பலகையிலிருந்து நீக்கும்படி எழுதிக் கொடுத்ததும் நான். பிளம்பரோ மற்ற தொழிலாளர்களோ இதற்குப் பொறுப்பல்லர். ஜூலை மாதம் 803-இல் நான் செய்த சோதனையில் முதல் நாளே கசிவு தெரிந்தது. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

இக்கடிதத்தை நிறுவனத்திடமும் மற்ற வீட்டுக்காரர்களிடமும் தாங்கள் காட்டலாம்.

சைட் இன்ஜினியர்


ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

அவளைப் பார்த்துக்கொள்கிறாய் என்று அவளே எழுதினாள். அத்தான் ராத்திரி இரண்டு தடவை எழுந்து, அவள் தூங்குகிறாளா என்று பார்க்கிறாராம். நான் நலமாக இல்லை. நலம் என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

உன் இரண்டு கடிதமும் ஒரே கவரில் வந்தன. நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முதல் நாள் உன்மேல் வந்த கோபத்தில் அளவுகளைத் தப்பாக எழுதி, மறுபடி அந்தச் சுரங்கம் முழுக்க நடந்தேன். அவள் இரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்திருந்தால் என்றே நினைத்துக்கொண்டு நடந்தேன். நீ தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான்கு கேள்விக்கு அவ்வளவு அழகாகப் பதில் எழுதினாயே, ஜன்னலுக்குக் கொக்கி மாட்டினதுவரை. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அடுத்த மூன்று நாளும் வேறு யோசனை. இரண்டாவது கடிதத்தைக் கிழித்துவிடலாம். 803-ஐ மட்டும் சரிசெய்யச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும். உன் வேலை இருக்கும், உன் பெயர் இருக்கும். நாற்பது வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியாது. அக்காவைத் தெரியும். பிறகு, அவர்களில் ஒருத்தியும் இப்போது குளித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

சாவியோடு கொடுத்த கோப்பில் புகார்ப் படிவம் இருந்ததாம். அதை அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். வீட்டு எண், குறை, கண்ட தேதி எல்லாம் நிரப்பினேன். கவனிக்கத் தவறியவர் பெயர் என்று ஒரு இடம் இருந்தது. உன் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினேன். அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்க அதில் இடம் இல்லை. ஓரத்தில் நானே எழுதிவிட்டேன்: என் அக்கா, உண்மையை எழுதிக் கொடுத்தவர்.

இன்று வேனில் அனுப்பிவிட்டேன். மற்ற வீட்டுக்காரர்களுக்கும் நகல் போகிறது. இனி திரும்ப வாங்க முடியாது.

வேலை போய்விட்டால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதத்தான் கை போகிறது. எங்களுக்கு வீடு எங்கே இருக்கிறது? என் மனைவியே உன் வீட்டில்தான் இருக்கிறாள். இருபதாம் தேதி முதல் எனக்கு லீவு, நானும் அங்கேதான் வருகிறேன். கோபம் தீர்ந்து வரவில்லை, கோபத்தோடுதான் வருகிறேன். நீ கதவைத் திறந்தால் போதும்.

உன் தம்பி